யாருக்கும் இல்லாத தையல்

தோணிரேவுப் பச்சையம்மாவுக்கு நாற்பத்தைந்தாவது வயதில் தையல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது. அதோடு நின்றிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அந்தத் தையல் யாருக்கும் எதற்கும் உபயோகப்படக் கூடாது என்றும் அவள் ஆசைப்பட்டாள். வம்பு அங்கேதான் தொடங்கியது.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை ஏறியது, எந்த மூட்டையை எலி கடித்தது என்றெல்லாம் உட்கார்ந்து எழுத அங்கே ஆட்கள் இருந்தார்கள். பச்சையம்மாவைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என்ன எழுதியிருப்பார்கள்? மீன்கூடைக்காரி, வலை கட்டுகிறவள், சிங்காரத்தின் பெண்டாட்டி, அங்கமுத்துவின் தாய். அவளுக்கே தன்னைப் பற்றி அதற்கு மேல் தெரியாது.

ஏழு வயதில் அவள் கையில் வலை ஊசியைக் கொடுத்தார்கள். பிறகு யாரும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஏரியில் பாடு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார்தான் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும். பாடு வந்த நாளில் வலையில் ஓட்டை இருந்தால் அந்த நாள் போனது போனதுதான். அடுத்த பாடு வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் பாடு இல்லாத நாளெல்லாம் ஆண்களுக்கு ஓய்வு, பெண்களுக்கு வலை. பாடு உள்ள நாளில் மீன். எப்படிப் பார்த்தாலும் பச்சையம்மாவுக்கு ஓய்வு என்ற ஒன்றை இந்தப் பாடு முறையில் யாரும் சீட்டுப் போட்டுக் கொடுக்கவில்லை.

அலுப்பு என்றால் உடம்பு அலுப்பு மட்டுமில்லை. அது படுத்தால் பாதி போய்விடும். இது வேறு. கைக்கு எது வந்தாலும் அது யாருக்காவது என்று ஆகிவிட்ட அலுப்பு. உலை வைத்தால் வீட்டுக்கு, வலை கட்டினால் படகுக்கு, மீன் ஆய்ந்தால் ஒல்லாந்தர் மேசைக்கு. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள உட்கார்ந்தால்கூட, "அத்த, அப்படியே எனக்கும் வாரி உட்ரு" என்று மருமகள் கோவிந்தம்மா வந்து முன்னால் உட்கார்ந்துவிடுவாள். கோவிந்தம்மா நல்ல பெண்தான். அந்த வீட்டில் எல்லோருமே நல்லவர்கள்தான். அதனால்தான் யாரையும் கோபித்துக்கொள்ளவும் முடியாமல் அந்த அலுப்பு உள்ளேயே கிடந்து புளித்துக்கொண்டிருந்தது.

கோட்டைக்கு அருகே ஒல்லாந்தர் வீடுகள் இருந்த தெருவில் ஒரு துரை வீட்டுக்கு அவள் வாடிக்கையாக மீன் கொடுத்துவந்தாள். அந்த வீட்டுத் துணிமணிகளை ஒட்டுப்போட்டு, குறி தைத்து வைப்பதற்குச் செசிலியா என்று ஒருத்தி இருந்தாள். கிறிஸ்து வேதக்காரப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். நாலைந்து துரை வீட்டுத் துணிகள் ஒரே இடத்தில் வெளுக்கப் போவதால் எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொரு துணியின் மூலையிலும் அந்தந்த வீட்டு எழுத்தைச் சிவப்பு நூலால் தைத்திருப்பார்கள். செசிலியாவின் பிழைப்பு அது.

ஒருநாள் மீனைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது, கொல்லைப்புறத்தில் செசிலியா ஒரு சின்னத் துணியை மடியில் விரித்து வைத்திருந்ததைப் பச்சையம்மா பார்த்தாள். வரிசை வரிசையாக எழுத்து, நடுவில் ஒரு குருவி, கீழே ஒரு வீடு, வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு கப்பல்.

"இன்னா கண்ணு இது?"

"சொம்மா கைப் பயக்கத்துக்குப் போடறது அக்கா."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. ஞாயித்துக்கெயம கோயிலுக்குப் போய்ட்டு வந்து குந்திக்கினு போடுவேன்."

"போட்டு முடிச்சா?"

"முடிச்சா மடிச்சி பெட்டில வெச்சிடுவேன். இன்னா செய்யறது அக்கா?"

பச்சையம்மாவுக்கு இது பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை குத்து குத்தி, இத்தனை எண்ணி, கடைசியில் அது யாருக்கும் இல்லை! விற்பதற்கில்லை, உடுத்துவதற்கில்லை, மீன் பிடிப்பதற்கில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை கேட்டாள்: "நெஜமாவே யாருக்கும் இல்லியா?"

அன்றைக்கு அவளைப் பிடித்தது அது. மறுநாள் கெளுத்தி மீனில் நல்லதாக இரண்டைப் பொறுக்கிச் செசிலியாவுக்கென்று தனியாகக் கொண்டுபோனாள்.

"எனக்கும் ஒண்ணு சொல்லிக் குடு கண்ணு."

"எந்தத் தையல்க்கா வோணும்?"

"எது சுளுவோ அது. இந்த வயசுல எனக்கு இன்னாத்தத் தெரியும்?"

செசிலியா யோசித்துப் பார்த்து மேஜோடு, அதாவது காலுறை, பின்னுவதைச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு கம்பி, ஒரு நூலுருண்டை. துரைமார் காலில் மாட்டும் மேஜோட்டை ஒல்லாந்துப் பெண்கள் அப்படித்தான் பின்னுவார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு அதுவே சுலபம் என்பது அவள் எண்ணம். அப்படியும் செசிலியாவுக்கே அது கைவர இரண்டு மாதம் ஆகியிருந்தது. பச்சையம்மா ஒரு பிற்பகலில் கணுக்கால்வரை பின்னிவிட்டாள். பின்னலில் ஒரு கண்கூடப் பெரிதில்லை, சிறிதில்லை. செசிலியா வாயைப் பிளந்தாள். ஆனால் பச்சையம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது.

"இதுவும் வலதான் கண்ணு. கால்ல மாட்டற வல. எனக்கு வோணாம்."

கம்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நன்றாக வருவதையெல்லாம் செய்துதான் ஆக வேண்டும் என்றால் அவள் வீட்டிலேயே இருந்திருக்கலாமே.

அடுத்தது ஓட்டுத்தையல். பழைய புடவைத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஊசியை உள்ளே வெளியே என்று ஓட்டிக்கொண்டே போனால் விரிப்பு ஆகிவிடும். இதைவிட எளிய தையல் உலகத்தில் இல்லை. குழந்தைகூடப் போடும். பச்சையம்மாவுக்கு இது பிடித்திருந்தது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு முழ அளவுக்கு வந்தபோது வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"ஐய, எம்மா நல்லா கீது!" என்று கோவிந்தம்மா அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "கொயந்தைக்குத்தான அத்த?"

அவளுடைய ஏழு மாதக் குழந்தை அப்போதுதான் கவிழ்ந்து தலையைத் தூக்கிச் சிரித்தது. இல்லை என்று சொல்ல எந்தப் பெண்பிள்ளைக்கு வாய் வரும்? "ஆமா" என்றாள் பச்சையம்மா. சிங்காரமும் எட்டிப் பார்த்தான். தையல் நெருக்கமாக இருப்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்மே, படகுப் பாயி மூலைல கிழிஞ்சிகினு கீது. அதயும் இப்டியே போட்டுடு" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். அந்த மனிதனுக்குத் தெரிந்த பாராட்டு அது ஒன்றுதான்.

படகுப் பாயைத் தைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துச் செசிலியாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"இதோ பாரு, எது எதுக்குமே ஒதவாதோ அதச் சொல்லிக் குடு."

செசிலியா சிரித்துவிட்டு, தன் பெட்டித் துணியில் இருந்த தையலையே காட்டினாள். துணியின் இழையை எண்ணி, இப்படி ஒரு சாய்வு, அதன்மேல் அப்படி ஒரு சாய்வு. பெருக்கல் குறி மாதிரி ஒன்று விழும். அப்படி நூறு விழுந்தால் பூ, ஆயிரம் விழுந்தால் கப்பல். கிழிந்துபோன மேசைத் துணியில் ஒரு சாண் வெட்டிக் கொடுத்தாள். சாயக்காரர்கள் கழித்துப்போட்ட சிவப்பு நூலும் ஓர் ஊசியும் கொடுத்தாள்.

இது பச்சையம்மாவுக்கு வரவில்லை. சுத்தமாக வரவில்லை. வலை கட்டும் கையின் புத்தி அதற்குக் காரணம். வலையில் ஒரு கண் அறுந்தால் பக்கத்துக் கண்ணும் சேர்ந்து அவிழக் கூடாது. அதனால் ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாக முடிச்சு, இழுத்து ஓர் இறுக்கு. நாற்பது வருஷப் பழக்கம் துணியைக் கண்டதும் மாறிவிடுமா? ஒவ்வொரு பெருக்கல் குறிக்கும் பின்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். துணி வாடின வெற்றிலை மாதிரி சுருண்டது.

செசிலியா திருப்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "முன்னால பூ, பின்னால செரங்கு! முடிச்சி வோணாம்க்கா. துணி அவுந்துகினு ஓடாது."

"அதெப்படி ஓடாது?"

"ஓடாதுக்கா. நம்பு."

பச்சையம்மா நம்பவில்லை. ஆனால் இழுப்பதை மட்டும் குறைத்துக்கொண்டாள். முன்பக்கம் நேராக வரத் தொடங்கியது. பின்பக்கம் சிரங்கு சிரங்காகவே இருந்தது.

துணியை வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. இடுப்பில் செருகிக்கொண்டு, மீன் விற்றதும் படகுத்துறைக்கு வந்து பூவரச மரத்தடியில் உட்கார்வாள். தோணிரேவுக்குப் போகும் படகு வரும்வரை அந்த நேரம் யார் பேரிலும் இல்லை. மற்ற கூடைக்காரிகள் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். பச்சையம்மா இழை எண்ணுவாள். எண்ணும்போது வேறு எதுவும் தலைக்குள் வராது. வலை கட்டும்போது கை தானாக ஓடுவதால் மனசு சும்மா கிடந்து எல்லாவற்றையும் நினைக்கும். இங்கே அது நடக்காது. கண் எரியும், பிடரி வலிக்கும். ஆனாலும் படகு வந்துவிட்டதே என்று எழுந்திருக்கும்போது அவளுக்கு எரிச்சலாக வரும். அப்படி ஓர் எரிச்சல் அவளுக்கு அதுவரை எதற்காகவும் வந்ததில்லை.

ஒரு மாதம் கட்டம் கட்டமாகப் போட்டாள். கட்டம் சலித்துப்போயிற்று. துரை வீட்டுக் கொல்லையில் உலர்ந்த துணிகளின் மூலையில் சின்னதாக ஓர் உரு இருந்தது. இரண்டு காலைத் தூக்கிய நண்டு மாதிரி, தலைக்குமேல் இரண்டு புள்ளி. பார்த்து வைத்துக்கொண்டு வந்து, துணியின் ஓரத்தைச் சுற்றி வரிசையாக அதையே போட்டாள். மொத்தம் பன்னிரண்டு நண்டு. பன்னிரண்டும் அச்சில் வார்த்தாற்போல விழுந்தன.

அது நண்டு இல்லை, அந்த வீட்டுக் குறி என்று அவளுக்கு யார் சொல்வது? செசிலியா அப்போது பத்து நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

அந்த வீட்டுக் காரியஸ்தர் கேசவன் படகுத்துறைக்கு வேறு காரியமாக வந்தவர். மரத்தடியில் ஒரு மீன்காரியின் மடியில் தன் எஜமான் வீட்டுத் துணியைக் கண்டார். ஒரு மூலையில் குறி இருந்தாலே திருட்டு. இதில் சுற்றிலும் பன்னிரண்டு!

"ஏ பொம்பளே, இது ஏது உனக்கு?"

"நான் போட்டது சாமி."

"நீ போட்டதா? இது யாரு வீட்டு எழுத்துன்னு தெரியுமா?"

"எழுத்தா? நண்டுன்னு நெனச்சேன் சாமி."

கூடைக்காரிகள் சிரித்தார்கள். கேசவன் சிரிக்கவில்லை. துணியைப் பிடுங்கிக்கொண்டு, அவளையும் நடக்கவைத்துத் துரை வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் ஜனங்கள் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒரு மீன் எடை குறைத்து அறியாதவள் திருடி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். அழுகை வரவில்லை. அந்தத் துணி திரும்பக் கிடைக்குமா என்பது மட்டும்தான் அவள் மனசில் ஓடியது.

துரைசாணி வெளியே வந்தாள். பழவேற்காட்டிலேயே பிறந்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாள், வேலைக்காரர்களைத் திட்டுவதற்கு மட்டும் ஒல்லாந்து மொழி. காய்ச்சலோடு செசிலியாவையும் வரவழைத்தார்கள். தான் வெட்டிக் கொடுத்த துணி என்று சொன்னால் தன் பிழைப்பு போய்விடுமோ என்று அந்தப் பெண் பயந்தது நன்றாகவே தெரிந்தது. பச்சையம்மா அவள் பக்கம் பார்க்காமல், "குப்பைல கெடந்திச்சிம்மா, எடுத்துக்கினேன்" என்றாள்.

செசிலியாவால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "இல்லம்மா, கிழிசல்ல நான்தான் வெட்டிக் குடுத்தேன். தச்சது அந்தக்காதான். திருப்பிப் பாருங்க" என்றாள்.

துரைசாணி திருப்பினாள். பின்பக்கம் முழுக்க வலைமுடிச்சு. உலகத்தில் எந்தத் தையல்காரியும் அப்படிப் போடமாட்டாள். துரைசாணி சிரித்தாள். மறுபடி முன்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

திருட்டில்லை என்று ஆயிற்று. ஆனால் வீட்டுக் குறி வெளியே போகக் கூடாது என்று கேசவன் பிடிவாதம் பிடித்தார். பன்னிரண்டையும் அங்கேயே பிரித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வேறு யாராவது தைத்திருந்தால் ஓர் இழையை இழுத்தாலே மொத்தமும் வந்திருக்கும். பச்சையம்மாவின் தையல் ஒவ்வொன்றும் தனி முடிச்சு. கொல்லைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக ஊசி முனையால் நெம்பி எடுத்தாள். வெயில் சாயும்வரை எடுத்தாள். படகு வந்து போய்விட்டது. கை ஓய்ந்தது, கண் ஓய்ந்தது, மனசும் ஓய்ந்துபோயிற்று. பிரித்த இடமெல்லாம் துணியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. நடுவில் அவளுடைய பழைய கட்டங்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

பாதி பிரித்துக்கொண்டிருந்தபோதே, படகு போவதற்கு முன்பே, துரைசாணி சொல்லியனுப்பியிருந்தாள். மகளுக்குக் கல்யாணம் வருகிறது. பெட்டி பெட்டியாகச் சீர்த்துணிக்குக் குறி தைக்க வேண்டும். இந்த மீன்காரி கை சுத்தம், நாளையிலிருந்து வரட்டும், தினம் அரிசி தரலாம். கேசவனே வந்து சொன்னார், இந்த முறை கொஞ்சம் மரியாதையாக. பச்சையம்மா தலையாட்டினாள். அது சரி என்றா, காதில் விழுந்தது என்றா என்று அவளுக்கே தெரியாது.

கரையோரமாக நடந்து அவள் வீடு சேர்வதற்குள், கடைசிப் படகில் வந்த கூடைக்காரிகள் சேதியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். திருடி என்று பிடித்துப்போனது, அப்புறம் இல்லை என்று ஆனது, வேலைக்குக் கூப்பிட்டது, எல்லாமே வந்திருந்தது. வீடே வாசலில் நின்றது.

"நைனாவும் நானும் இப்பத்தான் உன்னத் தேடிக்கினு கெளம்பினோம்" என்றான் அங்கமுத்து.

"தெனம் அரிசியாமே அத்த!" என்று கோவிந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "காலைல வலயப் பாத்துட்டு, மீன் குடுத்துட்டு, அப்படியே அங்கப் போய்க் குந்திடு. படகு வர்ரதுக்குள்ள எவ்ளோ நேரம் கீது!"

அந்த மரத்தடி நேரத்தையும் எடுத்துக்கொண்டாயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோர் முகத்திலும் சந்தோஷம். அதைப் பார்க்கப் பார்க்கப் பச்சையம்மாவுக்கு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. இத்தனை வருஷம் அப்படிச் சொல்லித்தானே பழக்கம்.

"இல்ல" என்றாள். "கூப்ட்டாங்க. அப்புறம் நல்லாப் பாத்துட்டு, கை சரியில்லன்னு சொல்லிட்டாங்க."

அவள் வாழ்க்கையில் தன் கையைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது. சொன்னபோது வலித்தது. தோணிரேவிலேயே அந்தக் கைக்கு ஈடு கிடையாது என்று ஊருக்கே தெரியும்.

சிங்காரத்துக்குச் சுரீர் என்று கோபம் வந்துவிட்டது. "நாப்பது வருசமா வல கட்ற கைய்யி! அதச் சரியில்லன்னானுங்களா? கண்ணு இன்னா அவனுங்களுக்குப் பொடனிலயா கீது?" என்று கோட்டை இருந்த திசையைப் பார்த்துக் கத்தினான். இப்படி அவன் தனக்காகக் கோபப்பட்டு அவள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடக்கிக்கொண்டாள். செசிலியாவிடமும் அந்த வீட்டிலும் என்ன சொல்வது என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

"எங்க அந்தத் துணி? குடு" என்று வாங்கிப் பார்த்தான். ஓட்டை விழுந்த ஓரம், நடுவில் சிவப்புக் கட்டம், பின்பக்கம் முடிச்சு. இப்படியும் அப்படியும் திருப்பினான். படகுக்கு ஆகுமா, குழந்தைக்கு ஆகுமா, அடுப்படிக்காவது ஆகுமா என்று அவன் கண் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை.

"தூக்கிப் போடும்மே. எதுக்கும் ஒதவாது இது."

"எதுக்குமே ஒதவாதா?" என்று கேட்டாள் பச்சையம்மா. கோவிந்தம்மாவும் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்ப இது எனக்கு" என்று சொல்லித் துணியை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உலை வைக்க உள்ளே போனாள்.